மொகம் தொறந்து கீது

மேகலாவுக்கு இடது இடுப்பு கழன்று தனியாக வந்துவிடும் போலிருந்தது. கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் வலது கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடது கால் மேட்டில் விழும். கரையின் சரிவு அப்படி. விடியற்காலை ஐந்து மணிக்கு முட்டுக்காட்டுப் பாலத்தடியில் ஆரம்பித்த நொண்டல் இது. இப்போது பத்தரை. நீலாங்கரைக் குப்பத்தில் ஏற்றிவைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரம்தான் வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் மெரினா கலங்கரை விளக்கத்தைத் தொட வேண்டும். தார் ரோட்டில் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

இடுப்பு வலியை அவள் தாங்கிக்கொள்வாள். அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் அடையாறு கடலில் விழும் இடம் ஒன்று இருக்கிறது.

ரெஹான் என்று ஒருவன் சனி, ஞாயிறுகளில் ஆட்களைக் கடலோரமாக நடத்திக் கூட்டிப்போகும் தொழில் செய்கிறான். வாரம் ஆறு நாள் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டும் மேகலாவை அவன் வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவள் சீனிவாசபுரத்து மீன்காரர் வீட்டுப் பெண். ‘கடலோடு பிறந்தவர்கள் உங்களை அழைத்துச் செல்வார்கள்’ என்று விளம்பரமும் போட்டிருந்தான். கடலோடு பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாது. குப்பத்து ஆண்பிள்ளைகள் நாலு வயதில் அலையில் உருண்டு கற்றுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் மீன் கழுவிக்கொண்டிருப்பார்கள். முப்பத்தோரு வயதிலும் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் அவள் போனதில்லை. ரெஹான் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“உங்க பை எவ்வளவு வெயிட் மேகலா?” என்று சுஹாஸ் கேட்டான். மைலாப்பூர்க்காரன், கணினி வேலை, இருபத்தெட்டு வயது. தன் பையைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துவிட்டு வந்தவன். இரண்டே கால் கிலோ. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்திருந்தான், சட்டைக் காலரில் இருந்த துணிச் சீட்டைக்கூடக் கத்தரித்திருந்தான்.

“நிறுக்கல சார்.”

“அந்தச் சோத்து டப்பா மட்டும் அறுநூறு கிராம் இருக்கும். அதைத் தூக்கிண்டு முப்பது கிலோமீட்டரா?”

“துன்னா வெயிட் கம்மியாய்டும் சார்” என்றாள் மேகலா.

விஜயலக்ஷ்மி சிரித்துவிட்டாள். சுஹாஸின் அத்தை அவள். பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கொப்புளம் வந்த குதிகாலை மேகலாவின் மடியில் நீட்டிவைத்திருந்தாள். “நன்னா கேட்டுக்கோடா. இவன் என் பையிலேர்ந்து தைலத்தை எடுத்து வெளியில வெச்சுட்டான் மேகலா. எம்பது கிராமாம். இப்போ என் முட்டி எத்தனை கிராம் வலிக்கறதுன்னு இவனுக்குத் தெரியுமா?”

பாரம் குறைக்கிறேன் என்று சுஹாஸ் செய்த இன்னொரு காரியம், மூன்று பேருக்கும் ஒரே போன். அது அவன் மார்புப் பையில் இருந்தது. மேகலாவின் போன் வீட்டில் அவள் பெண்ணிடம் இருந்தது.

“சார்,” என்றாள் மேகலா, கொப்புளத்தின்மேல் பிளாஸ்திரியை அழுத்திக்கொண்டே. “மாமாவுக்கு ஒரு போன் போட்டு மொகம் எப்டி கீதுன்னு கேட்டுடுங்க. நம்பர் சொல்றேன்.”

மொகம் என்றால் முகத்துவாரம். மாமா, அவள் அம்மாவின் தம்பி மண்ணாங்கட்டி. சீனிவாசபுரம் பக்கத்து ஆற்றுமுனையில் தர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் உட்கார்ந்து இறாலும் கெளுத்தியும் பிடிப்பவர். ஆறு கடலில் விழும் வாய் மணல் மேவி அடைத்துக்கொண்டால் அதன் மேலேயே நடந்து அக்கரை போய்விடலாம். அடைபட்ட மணலை அறுத்துக்கொண்டு ஆறு ஓடினால் முடியாது. குப்பத்தில் அதற்கு இரண்டே சொல்தான். மூடிக்கினுகீது என்றால் நடக்கலாம். தொறந்து கீது என்றால் நடக்கக் கூடாது.

சுஹாஸ் போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய்ப் பேசினான். காற்றில் அவன் குரல் நன்றாகவே கேட்டது.

“ஹலோ, மேகலாவோட மாமாவா? நாங்க கடலோரமா நடந்து நீலாங்கரை வந்திருக்கோம். அடையார் மவுத் எப்படி இருக்கு சார்? ஓப்பனா?... ஓப்பன்தானா? ஓ, முந்தாநேத்தே ஓப்பன் பண்ணிட்டாங்களா? சூப்பர் சார், தேங்க்ஸ்.”

திரும்பி வந்து கட்டைவிரலை உயர்த்தினான். “வழி ஓப்பன்.”

மேகலாவின் விரல் பிளாஸ்திரியில் அப்படியே நின்றது.

ஓப்பன் என்று மாமா சொன்னால் அது எந்த ஓப்பன் என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாள் பொக்லைன் வைத்து மணலை வெட்டிவிட்டிருப்பார்கள். ஆற்றில் தேங்கிய சாக்கடையெல்லாம் இப்போது கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ‘சார், அது வேற’ என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு குழுவைப் பனையூரில் நிறுத்தி, அலை சரியில்லை, ரோட்டு வழியாகப் போகலாம் என்று சொல்லியிருந்தாள். அவர்கள் ரெஹானுக்கு எழுதிப் போட்டார்கள், ‘பயந்தாங்கொள்ளி கைடு’ என்று. ரெஹான் அதை அவளுக்கே படித்துக் காட்டிவிட்டு, “இன்னொரு வாட்டி இப்டி வந்துச்சுன்னா நான் இன்னாக்கா பண்றது?” என்று கேட்டான். பட்டறையில் கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கிவிட்ட இந்த வருஷத்தில் அவளுக்கு வேறு போக்கு இல்லை. இவர்கள் ஆற்றுமுனைக்கே போய்த் தண்ணீரைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். பார்த்தால் தாங்களே திரும்பிவிடுவார்கள். ‘வேணாம்’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

“சரி சார்” என்றாள். “எழுந்திரிங்கம்மா.”

அதற்குப் பிறகு நடந்த நடையில் அவள் கண்ணில் எதுவும் சரியாகப் படவில்லை. பாலவாக்கத்தில் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது. விஜயலக்ஷ்மி மூக்கை மூடிக்கொண்டு சுற்றிப் போனாள், மேகலா பார்க்காமல் அதை மிதித்துவிட இருந்தாள். கொட்டிவாக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், “இன்னாம்மே, வேலவெட்டி இல்லாதவங்கள இட்டுக்கினு எங்க போற?” என்று கூவினார்கள். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் கையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுஹாஸின் கடிகாரம் ‘டிங்’ என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் ஆற்றுமுனைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அவள் கணக்குப் பார்த்தாள்.

பெசன்ட் நகர் வந்தபோது மணி இரண்டரை. வேளாங்கண்ணி கோயிலுக்கு நேரே விஜயலக்ஷ்மி மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். “என்னால முடியலைடா. ஒரு ஆட்டோ பிடி. நேரா ஆத்துக்குப் போயிடலாம்.”

மேகலாவுக்கு உயிர் வந்தது. “அம்மா சொல்றதும் கரெக்ட்டுதான் சார்” என்றாள் அவசரமாக. “கால் பாவம் புண்ணாய்க்கினுகீது.”

“அத்தை, இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். இருபத்திரண்டு நடந்துட்டு ஆட்டோவுல போனா என்ன அர்த்தம்? மவுத்தைத் தாண்டினா பட்டினப்பாக்கம், அப்புறம் லைட் ஹவுஸ். நம்ம ஏரியா.” சுஹாஸ் அத்தையின் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். “நீ ராஜாத்தி மாதிரி கையை வீசிண்டு வா.”

விஜயலக்ஷ்மி அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இப்போதாவது சொல்லலாமே என்று மேகலாவுக்குத் தோன்றியது. நீலாங்கரையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

ஊரூர்க் குப்பத்தைத் தாண்டியதும் ஆளரவம் குறைந்தது. இடப்பக்கம் தூரத்தில் உடைந்த பாலம் தெரிந்தது. மணல் திட்டு நீண்டு போய் ஓரிடத்தில் பட்டென்று அறுந்திருந்தது. பொக்லைன் சங்கிலி பதிந்த தடம் இன்னும் அழியவில்லை. வெட்டிப்போட்ட மணல் இருபுறமும் குவியலாகக் கிடந்தது. நடுவில் ஐம்பது அடி அகலத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர், சத்தமே இல்லாமல் கடலைப் பார்த்து நழுவிக்கொண்டிருந்தது. மிதந்து வந்த ஒரு செருப்பு அவர்கள் நடந்து வந்த வேகத்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் கடந்துபோனது. கடல் உள்வாங்கும் நேரம். ஆறு, கடல் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் நேரம்.

“சார், இங்க வேணாம்” என்றாள் மேகலா. “இப்டியே திரும்பி அடையார் பாலம் வழியா சுத்திக்கினு போய்டலாம்.”

“ஓப்பன்னாரே உங்க மாமா?”

“அவரு மொகம் ஓப்பன்னு சொன்னாரு சார். தண்ணி தொறந்துக்கினு ஓடுதுன்னு. வழி ஓப்பன்னு சொல்லல.”

சுஹாஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். பிறகு சிரித்தான். “அடப்பாவி! ஓப்பன்னா குளோஸா?” நடுத்தண்ணீரில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. “அதோ பாருங்கோ, கொக்குக்கே முழங்கால்தான் முழுகறது. ஐம்பது அடி. பையைத் தலையில வெச்சுண்டு ரெண்டு நிமிஷத்துல போயிடலாம். முதல்ல நான் போய்ப் பாக்கறேன். அத்தை, நீ நில்லு.”

“வேணாம் சார். கொக்கு நிக்கற எடம் மேடு. அதுக்கு அந்தாண்டதான் பொக்லைன் வெட்டிக்கீது.”

“சுஹாஸ், அவ சொல்றாளேடா” என்றாள் விஜயலக்ஷ்மி.

“ரெண்டே நிமிஷம் அத்தை.”

அவன் சட்டையை மேகலா பிடித்தாள். பிடித்த பிடியில் பலமில்லை. வாடிக்கையாளரை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று யோசித்த கை அது. அவன் சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டு இறங்கினான். கணுக்கால், முழங்கால். இரண்டு பைகளும் தலைமேல். கொக்கு பறந்தது. அது நின்ற இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, “சொன்னேனோல்லியோ?” என்று கத்தினான். அடுத்த அடியை வைத்தான்.

அந்த இடத்தில் தரை இல்லை.

வெட்டிய மணலின் விளிம்பு அவனுக்கடியில் மொத்தமாகச் சரிந்தது. பைகள் இரண்டும் ஒரு பக்கம் போயின, அவன் ஒரு பக்கம் போனான். தலை ஒருமுறை தெரிந்தது. கை ஒன்று எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை முப்பது அடி தள்ளிக் கடல் அலை மடியும் இடத்தில் இருந்தது.

“குதி!” என்று விஜயலக்ஷ்மி மேகலாவைப் பிடித்து உலுக்கினாள். “குதி மேகலா! நீ செம்படவப் பொண்ணுதானே? போய்ப் பிடி அவனை!”

மேகலாவின் கால் மணலுக்குள் வேர்விட்டிருந்தது. “எனக்கு நீச்சல் தெரியாதும்மா” என்றாள்.

விஜயலக்ஷ்மி அவளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்துத் தானே ஓடினாள். மேகலா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து மணலில் சாய்த்து, மேலே விழுந்து அமுக்கினாள். “விடுடி! விடு என்னை!” என்று அந்த அம்மாள் அவள் முகத்தில் அறைந்தாள், கையைக் கடித்தாள். மேகலா விடவில்லை. இந்தமுறை அவள் பிடியில் யோசனை இல்லை.

அமுக்கிக்கொண்டே தலையைத் தூக்கினாள். அக்கரையில், ஆற்றின் உட்புறம் ஒரு வெள்ளைத் தெப்பமும் அதன்மேல் கறுப்பாக ஓர் ஆளும் தெரிந்தார்கள். போன் சுஹாஸின் மார்போடு போய்விட்டது. இருந்தது தொண்டை மட்டும்.

“மாமோவ்!” என்று கத்தினாள். அலை அதைத் தின்றது. “மாமோவ்! ஆளு பூட்ச்சு! ஆளு பூட்ச்சு மாமோவ்!” மீன் ஏலத்தில் பத்துப் பேருக்கு மேலே கேட்கக் கத்திப் பழகிய தன் அம்மாவின் தொண்டை அவளுக்கு. ஐந்தாவது கத்தலில் தெப்பம் திரும்பியது.

மண்ணாங்கட்டி நின்று யோசிக்கவில்லை. கையில் பிடித்த பலகைத் துண்டால் தள்ளித் தள்ளி நேராக இழுப்புக்குள் விட்டார். இழுப்பே அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அலை மடியும் இடத்தில் தெப்பம் செங்குத்தாக எழுந்து ‘படக்’கென்று இரண்டாக முறிந்தது. வெள்ளைத் துண்டுகள் நாலாபுறமும் பறந்தன. அவரையும் காணவில்லை.

மேகலா எண்ணத் தொடங்கினாள். ஏன் எண்ணினாள் என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு... இருபதைத் தாண்டியதும் எண்கள் குழம்பின. இரண்டு பேர். ஒருவரல்ல, இப்போது இரண்டு பேர்.

பிறகு வடக்குத் திட்டின் முனையில், நுரைக்குள், ஒரு கறுப்பு முதுகு எழுந்தது. அது எதையோ கக்கத்தில் இடுக்கி இழுத்துக்கொண்டு வந்தது. குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். இழுத்து வந்ததை மணலில் குப்புறப் போட்டார்கள். ஒருவன் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து அழுத்தினான். அது அசைகிறதா இல்லையா என்று இக்கரையிலிருந்து தெரியவில்லை.

இருவரும் திரும்பி ஓடினார்கள். ஊரூர்க் குப்பத்து முனையில் ஆட்டோ கிடைத்தது. அடையார் பாலத்தின்மேல் வண்டிகள் நெருக்கி நின்றன. விஜயலக்ஷ்மி மேகலாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அதே மணிக்கட்டில் அவள் பல் பட்ட இடத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“இருப்பானோன்னோ? சொல்லேன். இருப்பானோன்னோ?”

“இருப்பாரும்மா.” மேகலாவுக்குத் தெரியாது. “நம்ம ஆளுங்க வுட மாட்டாங்கம்மா.”

“இவன் அப்பனுக்கு என்னடி பதில் சொல்லுவேன்?”

ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. சீனிவாசபுரம் வாராவதிப் பாலத்தில் திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. கூட்டம் நிற்கும் விதத்தை மேகலா முதலில் பார்த்தாள். பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அங்கேதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சுஹாஸ் யாருடைய லுங்கியையோ போர்த்திக்கொண்டு, குந்திய நிலையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அத்தையைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மறுபடி தண்ணீரைக் கக்கினான். விஜயலக்ஷ்மி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகை சத்தமாக வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது.

“கக்கட்டும்மா, கக்கட்டும்” என்றார் மண்ணாங்கட்டி. கிளிஞ்சல் கிழித்த உள்ளங்காலில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “அடையாத்துத் தண்ணி உள்ள போனா வூட்டு வெலாசம் முழுக்க வெளிய வந்துடும். இன்னா சார் நீ? ஓப்பன்னு படிச்சி படிச்சி சொன்னேன். ஓப்பன்னா யாராச்சும் எறங்குவாங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “கடை ஓப்பன்னு நெனச்சிக்கினாரு மாமா” என்றான் ஒருவன். சுஹாஸும் சிரிக்கப் பார்த்தான்.

“என் தப்புதான்” என்றான், பல் கிட்டிக்க. “அவங்க வேண்டாம்னாங்க அத்தை. சட்டையைக்கூடப் பிடிச்சாங்க. நான்தான் அந்த ஓப்பனைத் தப்பாப் புரிஞ்சுண்டேன்.”

மண்ணாங்கட்டி துணி கட்டும் கையை நிறுத்தினார். “நீ தப்பா வெச்சிக்கினே, சரி. இவ குப்பத்துல பொறந்தவ. ஏம்மே, சாரு என்னாண்ட போன்ல பேசிக்கினு இருக்கும்போது நீ எங்க இருந்த?”

எல்லோரும் மேகலாவைப் பார்த்தார்கள். விஜயலக்ஷ்மியும் பார்த்தாள்.

“அம்மா காலுக்குப் பிளாஸ்திரி போட்டுக்கினு இருந்தேன் மாமா” என்றாள் மேகலா. “அலை சத்தத்துல காதுல வுழல.”

மண்ணாங்கட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலாங்கரையில் பத்தரை மணிக்கு அலை எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. குனிந்து துணியில் முடிச்சைப் போட்டார்.

யாரோ வண்டி பிடித்துக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சுஹாஸைத் தூக்கி உட்காரவைத்தார்கள். விஜயலக்ஷ்மி ஏறப்போனவள், இறங்கித் திரும்பி வந்து மேகலாவின் கடிபட்ட கையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டாள்.

“உன்னை அறைஞ்சேன். கடிச்சேன். மனசுல வெச்சுக்காதேம்மா. நீ அமுக்கிப் பிடிக்கலேன்னா நானும் போயிருப்பேன். நீ கத்தலேன்னா அவனும் போயிருப்பான். நீச்சல் தெரியாதுன்னு அந்த நேரத்துல நெஜத்தைச் சொன்னியே, அதுக்கே ஒரு தைரியம் வேணும். உனக்கு நான் என்ன செய்யப்போறேன்?”

“ஒண்ணும் வேணாம்மா” என்றாள் மேகலா.

அதோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த சொல்லையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். மண்ணாங்கட்டி மணலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். விஜயலக்ஷ்மி நொண்டிக்கொண்டே போய் ஏறிக்கொண்டாள். வண்டி வாராவதிப் பக்கம் திரும்பும்வரை பின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அந்த அம்மாளுக்கு மேகலா ஓர் உண்மை கடன்பட்டிருக்கிறாள்: ஓப்பன் என்ற சொல் நீலாங்கரையில் அவள் காதில் விழுந்தது, அதன் அர்த்தமும் அப்போதே தெரிந்தது. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.